பல்லக்காவின் ரோசக்கார உலோகம்

பல்லுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. புத்தருடைய புனிதமான பல் ஒன்று தலதா மாளிகையில் இருக்கிறது. கண்டியிலுள்ள மிச்சப் பற்களெல்லாம் பல்லக்கா செய்தவை.

இது கொஞ்சம் கூடிப்போன பேச்சு என்று யாராவது நினைத்தால் அவர் முதலில் தன் வாயைத் திறந்து காட்டட்டும். சந்தையில் மீன் வெட்டுகிறவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர், வழக்கில் வாதாடுகிறவர் எல்லோரும் அந்த ஒரே பின்பக்க அறையில் வாயைப் பிளந்து உட்கார்ந்தவர்கள்தாம். நானும் உட்கார்ந்தேன். அந்த நிலையில் யாராலும் அவரை எதிர்த்துப் பேச முடியாது. அவருடைய செல்வாக்கின் இரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பல்லக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கும் வங்கிக்கும் மட்டும் அது தெரியும். மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, பல்செட் கட்டும் தொழிலைப் பழகிக்கொண்டவர். டாக்டர் வெளிநாடு போனபோது அவருடைய அடுப்பு, அச்சு, சுழலும் வார்ப்பு மெஷின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு, அதாவது சந்துக்கு, வந்து, ஹாஜியார் வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்குப் பிடித்தார். பெரிய உடம்பு. நைட்டிக்கு மேல் தோல் ஏப்ரன். நெற்றியில் எப்போதும் ஒரு கறுப்பு வெல்டிங் கண்ணாடி. கோபம் வந்தால் அது தானாகவே கண்ணுக்கு இறங்கிவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

ஒருமுறை புடவைக்கடை முதலாளி ஒருவர் புதுப் பற்கள் பெரிதாக இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

“பல்லு சரியாத்தாங்க இருக்கு,” என்றார் பல்லக்கா. “வாயத்தான் கடவுள் சின்னதா பண்ணிட்டாரு. அவருகிட்ட போயி கேளுங்க.”

முதலாளி அந்தப் பல்லோடுதான் இன்றைக்கும் சிரிக்கிறார். அளவுக்கு அதிகமாகவே சிரிக்கிறார்.

என் கதை வேறு. என் மேல்வரிசையில் சில பற்கள் எனக்குச் சொந்தமில்லை. ஒரு சின்னத் தட்டில் பதித்து, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி போட்டு, மிஞ்சியிருக்கும் சொந்தப் பற்களோடு மாட்டியிருப்பார்கள். எங்கள் அலுவலகத் தலைவருக்குப் பிரியாவிடை வைத்த அன்று நான்தான் பேச்சாளன். “ஐயா இல்லாத அலுவலகம்…” என்று குரல் தழுதழுத்த இடத்தில் கொக்கி கைவிட்டது. பல் புறப்பட்டுப் போய்த் தலைவரின் தட்டில் பட்டிஸ் பலகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் பிரியாவிடை பெறும் மனிதர் என்பதால் ஒன்றும் சொல்லாமல் அதை நாப்கினில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அந்த உரை இன்றும் அலுவலகத்தில் பேசப்படுகிறது. அதில் நான் சொன்ன எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் பல்லக்கா அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கம்பி அகண்டு போச்சு, கிளாக்கரய்யா.”

“நீங்கதானேக்கா கட்டினது?”

“நான் கட்டுனது கம்பிய. ஒங்க வாய நான் கட்டல. கட்டியிருந்தா ஊருக்கு நல்லது.”

அப்படிச் சொன்னாரே தவிர, அவர் முகம் சரியில்லை. கம்பியை விரலால் நெம்பிப் பார்த்தார். அது நெம்பிய இடத்திலேயே நின்றது.

“பாத்தீங்களா, சொரணை இல்லாத சாமான். தெனமும் கழட்டி மாட்டுறப்ப கொஞ்சங் கொஞ்சமா வளைஞ்சு குடுத்துக்கிட்டே போவுது. வளைச்சா வளையட்டும், வேணாங்கல. வுட்டவொடன திரும்பி வரணும். அதுதானே ரோசம்?”

எனக்குக் கம்பியைச் சொல்கிறாரா அல்லது என்னையா என்று கொஞ்சநேரம் சந்தேகமாக இருந்தது. இருபது வருட அலுவலக வாழ்க்கையில் நான் வளைந்த வளைவுகள் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

பிறகு தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒருவர் ஒரு வட்டத் தகட்டின் மேல் சின்ன இரும்புக் குண்டைப் போடுகிறார். குண்டு துள்ளுகிறது. துள்ளிக்கொண்டே இருக்கிறது.

“இது ஓடிக்கிட்டு இருக்கறப்ப நான் போயி ரைஸ் குக்கர் போட்டுட்டு வந்தேன். இன்னமும் குதிக்கிது.”

“என்ன உலோகம்?”

“கண்ணாடி.”

நான் போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுப்பாக ஒரு தகடு. மறுபக்கம் எதுவும் தெரியவில்லை.

“அந்தக் கண்ணாடி இல்லீங்க. கேளுங்க. சாதா உலோகம் உருகி ஆறுறப்ப, உள்ளுக்க இருக்கிற அணுவெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி வரிசையா போயி நின்னுக்கும். ஒரு வரிசை வழுக்குனா அது மேல இருக்கிற வரிசையும் வழுக்கும். அப்பிடித்தான் கம்பி வளையுது. இப்ப அஞ்சு மணிக்கு நம்ம பஸ் ஸ்டாண்ட நெனச்சுக்கங்க. புசல்லாவைக்காரன் இந்தப் பக்கம், கடுகண்ணாவைக்காரன் அந்தப் பக்கம், குண்டன், ஒல்லி, மூட்டைக்காரன், எல்லாரும் கண்டபடி ஓடுறான். அந்த நேரத்துல சட்டுன்னு எல்லாரையும் ஒறைய வச்சா?”

“நெரிசல் அப்படியே நிற்கும்.”

“அதுதாங்க கண்ணாடி. வரிசையே இல்ல, அப்புறம் வழுக்குறது எப்பிடி? வளைச்சா முட்டிக்கிட்டு நிக்கும். வுட்டா திரும்பி வந்துரும். சிர்கோனியம், செம்பு, நிக்கல், அலுமினியம், நாலையும் உருக்கி அணு வரிசைக்குப் போறதுக்குள்ள ஆற வைக்கணும். அவ்வளவுதான்.”

பல்லக்கா ‘அவ்வளவுதான்’ என்று சொன்னால் ஒழுங்கையில் இருப்பவர்கள் பத்திரமாக இருந்துகொள்ள வேண்டும். எனக்கு அது அன்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சிர்கோனியம் சீனாவிலிருந்து தபாலில் வந்தது. “நம்ம புல்மோட்டை மணல்லயே இருக்குதாமே?” என்று கேட்டேன். “இருக்கு. மணல்லேருந்து அதப் பிரிச்சு எடுக்க எனக்கு ஆயுசு பத்தாது, ஒங்களுக்குப் பொறுமை பத்தாது,” என்றார். தபாற்கந்தோரில் பொதியைப் பிரித்த அதிகாரி, சாம்பல் நிறத் துண்டுகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டாராம். பல்லக்கா ஒரே சொல்லில் “பல்லு” என்றாராம். அதிகாரி பயந்துபோய்க் கையெழுத்து வாங்காமலே அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்தது ஆர்கன் வாயு. உருகிய சிர்கோனியத்தில் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும்; காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஆர்கனை நிரப்ப வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த சிலிண்டர் வந்த காலம் நாடு முழுக்கச் சமையல் கேஸுக்கு ஏங்கிக்கொண்டிருந்த காலம். பல்லக்கா வீட்டு வாசலில் ஒரு த்ரீவீலரிலிருந்து சிலிண்டர் இறங்கியதை யாரோ பார்த்துவிட்டார்கள். அவர் அதை உள்ளே உருட்டிக்கொண்டு போய் மூச்சு வாங்குவதற்குள், வாசலிலிருந்து பிரதான வீதி வரைக்கும் வெற்றுச் சிலிண்டர்களோடு ஆட்கள் நின்றார்கள். முகம் தெரியாதவர்கள் பாதி. என் மனைவி என்னையும் அனுப்பியிருந்தாள்.

பல்லக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்தார். “இது எரியாத கேஸுங்க.”

“எரியாத கேஸை யார் வாங்குவாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது. வரிசை இன்னும் நெருங்கியது.

வரிசை என்றால் எங்கள் ஒழுங்கையில் உடனே வந்து நிற்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கடுகண்ணாவை உட்பட மலைநாட்டு ஸ்டேஷன்கள் பலவற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம் மட்டும்தான். வீட்டு விறாந்தையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார். ஒழுங்கைக்கு ஏதாவது அறிவிக்க வேண்டுமானால் அதை அடிப்பார். அன்று அதை அடித்துவிட்டு வந்து எல்லோருக்கும் சோக்கட்டியால் சிலிண்டரில் நம்பர் போட ஆரம்பித்தார்.

“மாஸ்டர், குடுக்க ஒண்ணுமில்லன்னு சொல்றேன். எதுக்கு நம்பர்?”

“குடுக்கிறது குடுக்காதது வேற பிரச்சினை, பிள்ளை. வரிசை எண்டால் வரிசையா நிக்கவேணும்.”

பல்லக்கா ஒரு ரப்பர் குழாயைக் கொண்டுவந்து முதல் ஆளின் தீப்பெட்டியை வாங்கி, ஒரு குச்சியைக் கொளுத்தி, ஆர்கனைத் திறந்துவிட்டார். தீ அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. தீப்பெட்டி தீர்ந்தபோதுதான் கூட்டம் கலைந்தது. முதல் ஆள் மட்டும் போகவில்லை. அவருக்குத் தீப்பெட்டி வேண்டும்.

உலையும் தயாரானது. பழைய பெரிய பிரஷர் குக்கர் ஒன்றின் மூடியில் துளை போட்டுத் தடித்த கண்ணாடி பதித்தார். உள்ளே செம்புக் கட்டியைக் குடைந்து ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய பள்ளம். அடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய். பஸ்களுக்குக் கூடு கட்டும் கராஜ் ஒன்றிலிருந்து வாங்கிய வெல்டிங் மெஷினின் கம்பி மூடி வழியாக இறங்கும். மின்தீயில் உலோகம் குழிக்குள் உருகும். உருகியவுடன் குக்கரைச் சாய்த்தால் பள்ளத்துக்குள் ஓடி, குளிர்ந்த செம்பில் பட்டு, வரிசையில் நிற்க நேரமில்லாமல் உறைய வேண்டும்.

மின்தீ பற்றிய நேரமெல்லாம் ஒழுங்கை முழுக்க லைட் மங்கியது. மின்விசிறிகள் யோசித்து யோசித்துச் சுற்றின. எங்கள் வீட்டில் சோறு பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருந்தது. என் மனைவி அதைப் பேசாமல் பரிமாறினாள். நானும் பேசாமல் சாப்பிட்டேன். கம்பியைப் பற்றிப் போய்ப் புகார் சொன்னவன் நான்தானே.

வந்த துண்டுகளோ பிஸ்கட்டைப் போல உடைந்தன. எங்கோ ஒரு துளி காற்றுப் புகுந்துவிடும், அல்லது ஆறுவதற்கு ஒரு கண் இமைப்பு பிந்திவிடும். வேறு யாராக இருந்தாலும் அவற்றை ஒளித்து வைத்திருப்பார்கள். பல்லக்கா ஒவ்வொன்றிலும் துளை போட்டு, வாசல் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். காற்றடித்தால் அவை கிணுகிணுவென்று சத்தம் போடும்.

“எதுக்குக்கா தோத்ததையெல்லாம் தொங்கப் போடுறீங்க?”

“பின்ன? ஜெயிச்சவன் படத்த மாட்டுறான். எங்கிட்ட இருக்கிறத நான் மாட்டுறேன்.”

கடைசியில் விஷயம் சங்கத்துக்குப் போனது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரே சங்கம் மரணாதாரச் சங்கம். யாராவது இறந்தால் கூடாரமும் உட்காரக் கதிரையும் கொடுத்துக் காரியம் பார்ப்பதற்கு ஏற்பட்டது. வேறு சங்கம் இல்லாததால் உயிரோடு இருப்பவர்களின் தகராறும் அங்கேதான் வரும். தலைவர் ஸ்டேஷன் மாஸ்டர். நிகழ்ச்சிநிரலில் இதற்குத் தலைப்பு இல்லாததால் ‘எதிர்பார்க்கப்படும் மரணங்கள்’ என்பதன் கீழ் பல்லக்காவின் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

“பிள்ளை, நீர் மெஷினைக் கொளுத்தேக்க என்ர லைட் மங்குது,” என்று தொடங்கினார் ஸ்டேஷன் மாஸ்டர். “நியூஸ் பாக்கேலாமல் கிடக்கு.”

“நியூஸ் பாத்தவங்க வீட்ல மட்டும் வெளிச்சமா இருக்குதாக்கும்.”

அடுத்த வீட்டு ராஜம்மாக்கா எழுந்தார். புசல்லாவையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். “எனக்கு நியூஸ் வேணாங்க. நாடகத்துல மாமியாக்காரி வெசம் கலக்குற நேரத்துல டீவி நின்னு போச்சு. மருமக குடிச்சாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

பல்லக்கா அதற்கும் பதில் வைத்திருந்தார். ஆனால் வீட்டுக்கார ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்ததும் அடங்கிவிட்டார். ஹாஜியார் கடுமையாகப் பேசத் தெரியாத மனிதர்.

“தங்கச்சி, மோட்டர் நிண்டு பெய்த்து. தொழப்போற நேரம் கைகால் கழுவி உளு எடுக்கத் தண்ணி இல்ல.”

“அது என் தப்புதான் ஹாஜியார். தொழுவுற நேரத்துல இனிமே தொட மாட்டேன்.”

“நான் வேறொண்டும் சொல்லல்ல. சங்கம் என்ன சொல்லுதோ, அதுபடி செய்வம்.”

சங்கம் சொன்னது: மெஷினையாவது விடு, அறையையாவது விடு. பல்லக்காவைப் பார்த்தேன். பல் வேலையை மட்டும் செய்துகொண்டு அங்கேயே இருக்கலாம். ஆனால் அது அவராக இருக்காது. இந்த மெஷினோடு டவுனில் வேறு எந்த வீட்டுக்காரரும் அவரை உள்ளே விடப்போவதில்லை என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும்.

“மெஷின வுடமாட்டேன்,” என்றார் பல்லக்கா. “வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க. ஒங்க கண்ணு முன்னாடி ஊத்துறேன். மாஸ்டரு தண்டவாளத்துல ஒரு குண்டு போடுங்க, நான் ஊத்துனதுல ஒரு குண்டு போடுறேன். எது கூட நேரம் துள்ளுதுன்னு பாப்போம். என்னோடது தோத்தா அறையக் காலி பண்ணிட்டு மடுல்கெல்லைக்குப் போயி அட்டைக்குப் பல்லு கட்டிக்கிட்டு இருக்கேன்.”

“ஓம்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்தை இழுத்ததில் அவருக்கு ரோசம் வந்திருந்தது. “உது நேர்மையான கதை.”

ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்துக் கதிரைகளையும் மாஸ்டரின் தண்டவாளத் துண்டையும் பின்முற்றத்தில் கொண்டுவந்து போட்டோம். செத்த வீட்டுக் கதிரைகள் என்பதால் எல்லோரும் பழக்கதோஷத்தில் மெதுவாகப் பேசினார்கள். பல்லக்கா திறந்த குக்கரைக் காட்டினார். செம்புக் குழிக்குள் உலோகத் துண்டுகள் அடுக்கியிருந்தன. சிர்கோனியத்தில் அதுதான் கடைசி மிச்சம்.

“எத்தன விசில்?” என்று ஹாஜியார் அக்கறையாகக் கேட்டார்.

“விசில் வராது ஹாஜியார். எல்லாரும் கதிரையத் திருப்பிச் சொவத்தப் பாத்து ஒக்காருங்க. மின்தீயப் பாத்தா கண்ணு போயிரும்.”

இப்படியாக, பார்ப்பதற்கென்று அழைக்கப்பட்ட நாங்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது அவருக்கு மின்சாரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது. வோல்டேஜ் இறங்காமல் இருக்க வேண்டுமானால் ஒழுங்கையில் ஃப்ரிட்ஜ், அயன், மோட்டர் எதுவும் ஓடக்கூடாது. யாரையும் நம்பி அனுப்பமாட்டார். வீட்டுச் சாவிகளை வாங்கிக்கொண்டு, எல்லோருடைய ஃப்ரிட்ஜையும் நிறுத்தத் தானே புறப்பட்டுப் போனார்.

அவர் போனபிறகு ராஜம்மாக்கா எழுந்தார். குக்கரருகே போய் நின்றார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மூக்கிலிருந்து மூக்குத்தியைக் கழற்றிக் குழிக்குள் போட்டார்.

யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கோயிலில் சாமி சிலை வார்க்கும்போது உருகும் உலோகத்தில் ஊரார் ஆளுக்கொரு பொட்டுத் தங்கம் போடுவது வழக்கம். அந்தச் சாமியில் அவர்களுக்கும் ஒரு பங்கு வந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் இதற்குமுன் யாரும் எதையும் வார்த்ததில்லை. வார்ப்பு என்று ஒன்று நடக்கும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது எப்படி? இன்னொரு பெண் காதுத் தோட்டின் சுரையைப் போட்டாள். ஹாஜியார், “மனிசி தந்தனுப்பிச்சி,” என்று யாரிடமோ விளக்கம் சொல்லிக்கொண்டு ஒரு சின்ன வளையத்தைப் போட்டார். அவருடைய மனைவி அதை எப்போது கொடுத்தார், எதற்கென்று கொடுத்தார் என்பதெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வந்து, உள்பையிலிருந்து பழைய யூனிபோர்மின் பித்தளைப் பொத்தான் ஒன்றை எடுத்துப் போட்டார். என்னிடம் தங்கம் இல்லை. சட்டைப்பையில் ஒரு பேப்பர் கிளிப் இருந்தது. அலுவலகச் சொத்து. அதைப் போட்டேன்.

பல்லக்கா திரும்பி வந்த வேகத்தில் உள்ளே பார்க்காமல் மூடியைப் போட்டு இறுக்கினார். கண்ணாடியை இறக்கினார். சுவரில் எங்கள் நிழல்கள் நீலமாகத் துள்ளின. அடுத்த நிமிடம் குக்கரிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதை நான் அப்படியே எழுதினால் இந்த வார இதழை வீட்டுக்குள் வைக்க முடியாது.

புகை அடங்கியதும் திரும்பினோம். குழிக்குள் ஒரு கட்டி இருந்தது. மஞ்சளும் இல்லை வெள்ளையும் இல்லை. முகமெல்லாம் மேடு பள்ளம்.

“என்னாத்த போட்டீங்க?”

எல்லோரும் ராஜம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

“மூக்குத்திங்க,” என்றார் ராஜம்மாக்கா. “சின்னதுதான். புசல்லாவையில அம்மன் வார்த்தப்பவும் போட்டேன். நல்லா வந்துச்சு.”

“அம்மன் துள்ளணும்னு யாரும் கேக்கலையே.”

பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டோம். ஸ்டேஷன் மாஸ்டர்தான் கடைசி. “அந்தப் புகை என்ரயாத்தான் இருக்கவேணும்,” என்றார். “பித்தளையில துத்தநாகம் இருக்கு. புகைச்சிருக்கும்.”

பல்லக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எனக்கெதிரா கம்ப்ளெயின்ட் குடுத்தது நீங்கதானே?”

“கம்ப்ளெயின்ட் வேறங்க,” என்றார் ராஜம்மாக்கா. “இது வார்ப்பு.”

பல்லக்கா கட்டியைக் கிடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போட்டார். சீறியது. எடுத்துத் தரையில் வைத்து, “போடுங்க மாஸ்டர் குண்ட,” என்றார்.

“வேண்டாம் பிள்ளை. உது…”

“பேச்சுன்னா பேச்சு. போடுங்க.”

தண்டவாளத்தில் குண்டு கொஞ்சநேரம் துள்ளி நின்றது. கட்டியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். குண்டு உருண்டு ஹாஜியாரின் கதிரைக்கடியில் போய்விட்டது. அதைக் குனிந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

“தோத்தாச்சு,” என்றார் பல்லக்கா. “போறேன். யாரும் மூஞ்சியத் தொங்கப் போட வேணாம். எனக்கு அது புடிக்காது.” ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழவில்லை. நான் பார்க்காதமாதிரி சுவரைப் பார்த்தேன்.

ஹாஜியார் எழுந்தார்.

“தங்கச்சி, அவசரப்படாதீங்க. அந்தக் கட்டிக்குள்ள என்ட வீட்டுச் சாமான் ஒண்டு ஈக்கி. எல்லார்ட சாமானும் ஈக்கி. அத எடுத்துக்கிட்டுப் போகவும் ஏலா, உட்டுட்டுப் போகவும் ஏலா. பிரிச்செடுக்கத் தெரிஞ்ச ஆள் இந்த ஒழுங்கையில நீங்க மட்டுந்தான். பிரிச்சுத் தந்துட்டுப் போங்க. அதுவரைக்கும் அறை இருக்கட்டும்.”

முற்றம் யோசித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிக்னல் விழுந்தது.

“ஓம். சரக்கை இறக்காமல் வண்டி வெளிக்கிடேலாது. அது விதி.”

“பிரிக்க ஏலாது,” என்றார் பல்லக்கா. “அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு. நான் பிரிக்கவும் மாட்டேன்.”

“அப்ப இரும்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். “கட்டி பிரியுமட்டும் அறையும் மெஷினும் பிள்ளைக்கு. ஆதரவானவை கையைத் தூக்குங்கோ.”

எல்லோரும் தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஓர் ஆளுக்கு ஒரு கைதான் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கண்டித்தார்.

பிறகு சீனாவிலிருந்து மறுபடியும் பொதி வந்தது. மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், ஹாஜியார் தொழுது முடித்து மோட்டரையும் நிறுத்திவிட்ட நேரத்தில், ஒருவரையும் கூப்பிடாமல் பல்லக்கா ஊற்றினார். நகத்தளவு அகலத்தில் ஒரு தகடு, கண்ணாடி போலப் பளபளவென்று. விரலால் வளைத்தார். விட்டார். அது திரும்பி வந்தது. லைட் மங்கியதில் விஷயம் தெரிந்து, ஒழுங்கை முழுக்க அவர் அறை வாசலில் நனைந்துகொண்டு நின்று, குண்டு துள்ளுவதைப் பார்த்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார்.

“உது நிக்காதோ?”

“நிக்கும். அதுக்குத் தோணுனா நிக்கும்.”

நான் ஆவலோடு வாயைத் திறந்து காட்டினேன். “மூடுங்க,” என்றார். “இதுல நிக்கல் இருக்கு. வாயில போட்டா என்னா ஆவும்னு இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கல. ஒங்க வாய வச்சு சோதிக்கிறதுக்கு எனக்கு இன்னும் தெகிரியம் வரல.”

எனக்கு வந்திருந்தது. அவர் கேட்கவில்லை.

இப்போது நான் கடுகண்ணாவைப் பக்கம் வீடு மாறி வந்துவிட்டேன். இங்கேயும் ஒரு மரணாதாரச் சங்கம் இருக்கிறது. நல்ல கூடாரம், புதுக் கதிரை. ஆனாலும் பழைய ஒழுங்கைச் சங்கத்தில் என் பெயரை வெட்டவில்லை. இரண்டு சங்கத்தில் இருந்தாலும் இரண்டு தடவை சாக முடியாது என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். வருடாந்தக் கூட்டத்துக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்விடுவேன். நிகழ்ச்சிநிரலில் கடைசி விடயம் எப்போதும் ஒன்றுதான். கட்டி பிரிந்துவிட்டதா என்று ஹாஜியார் கேட்பார். இல்லை, பிரிக்கவும் மாட்டேன் என்று பல்லக்கா சண்டைக்கு வருவதுபோலச் சொல்வார். அப்படியானால் அறையை இன்னொரு வருடம் நீட்டிப்பதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தும்படி ஸ்டேஷன் மாஸ்டர் கேட்பார்.

அந்தக் கையை உயர்த்தத்தான் அவ்வளவு தூரம் போகிறேன்.